புகை ஆகாத கிளி

கிளி வளர்க்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, "பேசுமா?" என்றுதான். பேசும். ஆனால் நாம் சொல்லிக்கொடுப்பதைப் பேசாது. இதைக் கிளி வளர்ப்பவர்கள் யாரும் வெளியில் சொல்வதில்லை. நான் மாதக்கணக்கில் கூண்டுக்கு முன்னால் நின்று "வணக்கம், வணக்கம்" என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தேன். அவன் கற்றுக்கொண்டது குக்கர் விசிலும், என் கணவர் மூக்குச் சிந்தும் சத்தமும்தான். அவருக்குச் சளி பிடிக்காத நாட்களிலும் எங்கள் வீட்டில் யாரோ மூக்கைச் சிந்திக்கொண்டே இருப்பார்கள். விருந்தாளிகள் என் கணவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர் கூண்டைக் கைகாட்டுவார். யாரும் நம்ப மாட்டார்கள்.

அவன் பச்சைக்கிளி இல்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் அடைத்து வளர்க்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். இவன் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. உடம்பெல்லாம் சாம்பல், வால் மட்டும் குங்குமச் சிவப்பு. என் கணவரோடு வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது கூண்டோடும் காகிதங்களோடும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். "சும்மா ரெண்டு பழம் போட்டா போதும், அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். அதைவிடப் பெரிய பொய்யை என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அது பாட்டுக்கு இருக்காது. ஆள் இல்லையென்றால் கத்தும், ஆள் இருந்தால் விளையாட வா என்று கத்தும். தினமும் கூண்டுத் தாள் மாற்ற வேண்டும், கிண்ணம் கழுவ வேண்டும், கொய்யா, கேரட், முருங்கைக்கீரை என்று சின்னக் குழந்தைக்கு நறுக்குவது போல நறுக்க வேண்டும். இறகிலிருந்து மாவு மாதிரி வெள்ளைப் பொடி உதிர்ந்து டிவி மேல் படியும். காலையில் துடைத்தால் மாலையில் அதிலேயே கோலம் போடலாம். கடிக்க மரக்கட்டை கொடுக்காவிட்டால் நாற்காலிக் காலைக் கடிப்பான். சமையலிலும் அவன் சட்டம்தான். நான்-ஸ்டிக் தவா அதிகமாகச் சூடானால் வரும் ஆவி கிளிக்கு விஷம் என்று படித்த அன்றே எங்கள் தோசைக்கல்லைத் தூக்கி எறிந்தேன். பழைய இரும்புக்கல் திரும்பி வந்தது. முதல் மூன்று தோசை பிய்ந்து வரும்போதெல்லாம் என் கணவர் கூண்டை ஒரு பார்வை பார்ப்பார்.

இத்தனைக்கும் பெயர்கூட வைக்கவில்லை. எனக்கு ஒன்று பிடித்தது, அவருக்கு ஒன்று பிடித்தது, சண்டை முடிவதற்குள் அவன் "டேய்" என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

ஆனால் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது, கூண்டுக்குள் தலையைக் கவிழ்த்து, பிடரி இறகைச் சிலிர்த்து, "சொறிந்துவிடு" என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பான். விரல் பட்டதும் கண்ணை மூடிக்கொள்வான். எவ்வளவு எரிச்சலோடு வந்தாலும் அந்த மூடிய கண்ணைப் பார்த்தால் எனக்கு அடங்கிவிடும். நான் கோபக்காரி. என்னை அடக்க அம்மாவாலும் முடிந்ததில்லை, மேலதிகாரியாலும் முடிந்ததில்லை.

நாங்கள் இருப்பது ஆவடிக்கு அந்தப் பக்கம், வெள்ளானூரில். விருதுநகர்க்காரியான எனக்கும் திருச்சிக்காரரான அவருக்கும் வேலை அம்பத்தூர் எஸ்டேட் பக்கம். வாடகை வீடு, மாடியில். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா. ஊரில் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்டது. பழைய வீட்டைச் சுற்றிச் சுற்றி அறைகளைக் கட்டி, அதன் தலையில் எங்கள் மாடியையும் கட்டியிருக்கிறார்கள். கணவர் இல்லை. மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அந்த அம்மாவுக்கு வீட்டைப் பற்றிய பெருமை நிறைய, அதைவிட நிறைய சாமியைப் பற்றி. விடிந்ததும் குளித்து, சாமி ரூமில் விளக்கேற்றி, மணியடித்து, சாம்பிராணி போட்ட பிறகுதான் வாயில் காப்பியே படும். மழையோ காய்ச்சலோ, அந்த மணிச் சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். அந்த சாமி ரூம் வாசலைத் தாண்டி எந்தக் குடித்தனக்காரரும் போனதில்லை. நான் வாடகை கொடுக்கப் போனால் கூடத்தோடு சரி.

கூண்டை இறக்கிய முதல் நாளே மாடிக்கு வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"இன்னா பாப்பா இது, காக்காய்க்கு சாம்பல் பூசினா மாரி கீது. இத்தப் போயி கிளின்றியே."

"ஆப்பிரிக்கக் கிளிம்மா."

"அத்த நம்பூர்ல கொண்டாந்து இன்னா பண்ணப்போற? பச்சையாவும் இல்ல, சிவப்பாவும் இல்ல. வால் மட்டும் யாரோ வெத்தல போட்டுத் துப்பினா மாரி."

அவ்வளவு பேசியவர்தான் ஒரு வாரத்தில் அவனுக்கு அடிமையானார். நாங்கள் இரண்டு பேரும் அலுவலகம் போகும் நாட்களில் மாற்றுச்சாவி அவரிடம் இருக்கும். மதியம் வந்து தண்ணீர் மாற்றி, கொய்யாத்துண்டு வைத்து, கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளோடு போனில் பேசுவார். போனை எடுத்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாப்ட்டியா கண்ணு?"

நான் மாதக்கணக்கில் கொடுத்த "வணக்கம்" எங்கே போனதோ தெரியாது. ஒரு நாள் நான் கதவைத் திறந்தபோது கூண்டுக்குள்ளிருந்து, அச்சு அசலாக அந்த அம்மாவின் குரலில், அதே இழுவையோடு வந்தது: "சாப்ட்டியா கண்ணு?" எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அந்த அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. மேலே வந்து காதால் கேட்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு மதியம் மட்டுமில்லை, நாங்கள் வீட்டில் இருக்கும்போதும் வருவார். காராமணி வேகவைத்தால் உப்பு போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி இவனுக்கு எடுத்துவைத்துவிடுவார்.

கெட்டது நடந்ததும் அந்தப் பாசத்தால்தான்.

கிளிகளுக்கு இறகு மாறும் காலம் ஒன்று உண்டு. பழையது உதிரும், புதியது முளைக்கும். கூண்டுக்கடியில் பார்த்தால் தலையணை கிழிந்தது மாதிரி இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லியுமிருந்தேன். கேட்டுக்கொண்டார். ஆனால் உள்ளுக்குள் வேறு முடிவு செய்திருக்கிறார். அதற்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "எவ்ளோ அழகா பேசுது" என்று மூக்கில் விரல் வைத்தாளாம். கண் பட்டுவிட்டது.

கண் பட்டால் என்ன செய்வார்கள்? உப்பும் காய்ந்த மிளகாயும் கையில் எடுத்து, பிள்ளையை உட்காரவைத்துச் சுற்றி, நெருப்பில் போடுவார்கள். மிளகாய் கருகியும் நெடி ஏறவில்லை என்றால் திருஷ்டி பலம் என்று அர்த்தம். நெடி ஏறி எல்லோரும் இருமினால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். நான் பிறந்ததிலிருந்து எத்தனை தடவை சுற்றிப்போட்டிருப்பார்கள் என்று எனக்கே தெரியாது.

அன்று நாங்கள் அலுவலகத்தில் இருந்தோம். அந்த அம்மா கீழேயிருந்து தூபக்காலில் தணல் எடுத்துக்கொண்டு மேலே வந்து, கூண்டைச் சுற்றி, கூண்டுக்கு நேர் எதிரிலேயே மிளகாயைப் போட்டிருக்கிறார். ஜன்னலைச் சாத்திவிட்டு. காற்றில் தணல் பறந்துவிடக் கூடாதே என்று.

நெடி நன்றாகவே ஏறியது. திருஷ்டியே இல்லை.

எனக்கு போன் வந்தபோது அவர் பேசவில்லை, இருமலும் அழுகையும்தான் கேட்டன. நான் வந்து பார்த்தபோது அவன் கூண்டின் தரையில், வாயைத் திறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆட உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கழுத்தை நீட்டவில்லை. நாயையும் மாட்டையும் பார்க்கும் டாக்டர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், கிளியைப் பார்க்கும் டாக்டர் அண்ணா நகர் பக்கம்தான். அவனைச் சின்னக் கூண்டுக்கு மாற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அம்பத்தூர் நெரிசலைத் தாண்டிப்போன அந்த வழி முழுக்க அவன் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடுகிறதா, ஆடினால் உயிர் இருக்கிறது.

டாக்டர் ஒரு பெட்டிக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார். பறவைகளின் மூச்சு நம்முடையது மாதிரி இல்லை, நமக்குத் தொண்டை கரிக்கும் புகை அவற்றின் உயிரையே எடுக்கும் என்றார். பிழைத்துவிட்டான். வீட்டில் பல நாள் நெபுலைசர் வைத்தோம். கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் சொன்னதுதான் எனக்குள் தைத்துக்கொண்டது: "இந்த நுரையீரல் ஒரு தடவை அடி வாங்கிடுச்சு. இன்னொரு தடவை இந்த மாதிரி புகை பட்டா தாங்காதும்மா. அலைச்சலும் வேண்டாம், ரொம்ப தூரம் எங்கேயும் கூட்டிட்டுப் போகாதீங்க."

புகை பட்ட அன்று வீடு திரும்பியதும் அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். நான் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். "உங்களை யாரு சுத்திப்போடச் சொன்னா?" சாவியைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். கொடுத்தார். அந்தக் கோபம் தப்பென்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். மடியில் வால் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தவள் நான்.

அதற்குப் பிறகு அவர் மாடிப்படி ஏறவில்லை. தண்ணீர் மோட்டார் பற்றியோ குப்பை பற்றியோ சொல்ல வேண்டுமென்றால் என் கணவரிடம், "தம்பி" என்று கூப்பிட்டுச் சொல்வார். எனக்கு முகம் கொடுப்பதில்லை, நானும் கொடுப்பதில்லை. ஆனால் மாடியிலிருந்து நாள் தவறாமல் அவருடைய குரலிலேயே "சாப்ட்டியா கண்ணு? சாப்ட்டியா கண்ணு?" என்று கீழே கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு எங்கள் மனஸ்தாபம் என்ன தெரியும். நான் கூண்டைப் பின்பக்கம் மாற்றி வைத்தேன். அங்கிருந்து இன்னும் சத்தமாகச் சொன்னான்.

மார்கழி முடியப்போகும்போது நான் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். போகி வருகிறது. விடியும் முன்பே தெருவுக்குத் தெரு பாயும் துடைப்பமும் பழந்துணியும் எரியும். என்ன சொன்னாலும் யாராவது டயரைப் போடுவார்கள். பனியும் புகையும் கலந்து எதிர் வீடு தெரியாது. வீட்டுக்குள் நமக்கே கண் எரியும். ஊருக்குப் போய்விடலாம் என்றால் அலைச்சல் கூடாது என்கிறார் டாக்டர். இருந்தால் புகை.

எங்கள் மாடியில் எல்லா அறைக்கும் இரண்டு பக்கம் ஜன்னல். குடிவந்தபோது, "காத்து பிச்சிகினு வரும், ஃபேனே வோணாம்" என்று அந்த அம்மா சொல்லித்தான் கொடுத்தார். இப்போது அந்தக் காற்றோட்டமே எமன். என் கணவர் ஒரு பை நிறைய பிரவுன் டேப் வாங்கி வந்து, குளியலறையின் வெண்டிலேட்டரைப் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டினார். கதவிடுக்கில் ஈரத்துண்டு திணித்தோம். ஒரு குறையும் இல்லை என்று உள்ளே நின்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் மீன் வறுக்கும் வாசனை ஜம்மென்று வந்தது.

"வஞ்சிரம்" என்றார் அவர்.

"வஞ்சிரம் வருதுன்னா புகை வராதா?" என்றேன். மறுபடியும் டேப் வாங்கப் போனார்.

போதாததற்கு, எங்கள் கேட்டுக்கு நேரே ஒவ்வொரு வருஷமும் பெரிதாகக் கொளுத்துவது ஹவுஸ் ஓனர் அம்மா வீட்டில்தான். அதையாவது தள்ளி வைக்கச் சொல்லலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். கேட்டுப் பக்கத்தில் கிழிந்த பாய், முறம், தேய்ந்த துடைப்பம் எல்லாம் அடுக்கித் தயாராக இருந்தது. தலைமுறையாகச் செய்வதை, அதுவும் மூஞ்சி கொடுத்துப் பேசாத ஒருத்தரிடம், எப்படி வேண்டாம் என்பது? ஒன்றும் கேட்காமல் ஏறி வந்துவிட்டேன். பிறகு அந்த அம்மா என் கணவரைப் படியில் டேப்போடு பார்த்து, "இன்னா தம்பி, இம்மா டேப்பு?" என்று கேட்டிருக்கிறார். இவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், டாக்டர் சொன்னது உட்பட. அந்த அம்மா "உம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். எனக்கு அந்த "உம்" பிடிக்கவில்லை.

போகியன்று விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அந்த அம்மா. தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு நின்றார். அவ்வளவு நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை:

"எத்துகினு வா."

"எதைம்மா?"

"புள்ளைய தான். மோளம் அடிக்க ஆரம்பிச்சா கொளுத்திருவானுங்க. சீக்கிரம் வா."

நான் யோசிக்கக்கூட நேரம் தரவில்லை. கூண்டின் மேல் போர்வையைப் போட்டு நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். கூடத்தில் நின்றேன். அதுதானே என் எல்லை. அவர் திரும்பிப் பார்த்து, "அங்க இன்னா நின்னுகினு? உள்ள வா" என்றார்.

சாமி ரூம். பழைய வீட்டின் நடு அறை. சுற்றிச் சுற்றி அறைகள் கட்டியதில் அதற்கு ஒரு ஜன்னலும் இல்லாமல் போயிருந்தது. தரை ஈரத்துணியால் துடைத்திருந்தது. வாசலில் நனைத்த போர்வை தொங்கியது. படங்களுக்கெல்லாம் பூ வைத்திருந்தது. சாமிகளுக்கு எதிரில், நடுவில், கூண்டு வைக்க ஒரு முக்காலி.

"அம்மா, இவன் அசிங்கம் பண்ணிருவான்" என்றேன்.

"பண்ணா தொடச்சிக்கிறேன். ஒக்காரு."

என் கணவரை வெளியே அனுப்பிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் கூண்டும் மட்டும். வெளியே மேளம் தொடங்கியது. கேட்டுப் பக்கத்தில் அடுக்கியதைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்க் கொளுத்தச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "ஊரே கொளுத்தறத நான் இன்னா பண்ண முடியும்" என்றும் சொன்னார். போனில் இருந்த டார்ச்சைப் போட்டு அவன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவில்லை. வாய் மூடியிருந்தது. ஈரப்போர்வையிலும் டார்ச் வெளிச்சத்திலும் மிரண்டு ஒற்றைக்காலில் ஒடுங்கி நின்றான்.

வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, நான் எதற்காக டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று. விளக்கு எரியவில்லை. பூ வைத்திருக்கிறது, குங்குமம் வைத்திருக்கிறது, திரி போட்டு எண்ணெயும் ஊற்றியிருக்கிறது. ஏற்றவில்லை. தூபக்கால் இருக்க வேண்டிய இடம் காலி.

"விளக்கு ஏத்தலையாம்மா?"

"அதுவும் பொகை தானே" என்றார், என்னைப் பார்க்காமல்.

நாள் கிழமை அதுவுமாக. மழைக்கும் காய்ச்சலுக்கும் நிற்காத விளக்கு. மேளம் அடங்கியது. வெளியே யாரோ யாரையோ இட்லி சாப்பிடக் கூப்பிட்டார்கள். வெயில் ஏறியும் புகை இன்னும் கலையவில்லை என்று என் கணவர் போனில் செய்தி அனுப்பினார்.

அப்போதுதான் அவன் உடம்பை ஒரு உதறு உதறி, இறகைச் சரிசெய்துகொண்டு, தலையைச் சாய்த்து அந்த அம்மாவைப் பார்த்தான்.

"சாப்ட்டியா கண்ணு?"

அந்த அம்மா முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். ஆனால் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கம்பிக்குள் விரலை விட்டுப் பிடரியைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"இன்னும் இல்லடா. நீ மாடிக்குப் போனாத்தான்."

புகை கலைந்து நாங்கள் கூண்டை மாடிக்குக் கொண்டுபோனபோது மதியம் ஆகிவிட்டது. ஜன்னலோரம் வைக்காமல் நடுக்கூடத்திலேயே வைத்தோம். அவன் கொய்யா கேட்டுக் கத்த ஆரம்பித்தான். நான் மாற்றுச்சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கீழே மணிச் சத்தம் கேட்கும்வரை சமையலறை வாசலில் நின்றேன். கேட்டது. அதற்குப் பிறகு காப்பி போட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.